ஐந்தாவது பெயர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். தாள் கொடுக்கும்போது, கோடு போட்ட நோட்டு வேண்டுமா என்று ஏட்டம்மா கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கோடில்லாத தாளிலும் என் வரி சாயாது. கையெழுத்து நன்றாக இருப்பவனுக்குத் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று எங்கள் அம்மா சொல்வதுண்டு. அது பலித்ததா இல்லையா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், லோகநாயகி மேடம்.

“நடந்தத நடந்தபடி எழுதுங்க சார். கத உடாதீங்க” என்று எச்சரித்தீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்குக் கதை விடத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பெயர் இன்னாசிராஜ். வயது ஐம்பத்திரண்டு. வீடு கடலூர் முதுநகரில். சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் ஆங்கில டுடோரியல் நடத்துகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுத நேரம் வேண்டும் என்று இருபத்தெட்டு வயதில் எடுத்த முடிவு அது. எழுதவும் செய்தேன். பதினோரு வருடம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி, இருபத்து மூன்று ஏஜென்டுகளுக்கு அனுப்பினேன்.

நம் ஊரில் ஏஜென்ட் என்றால் இன்சூரன்ஸ் பிடிக்கிறவர், இல்லாவிட்டால் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்புகிறவர். நான் சொல்வது வேறு. தில்லியிலும் லண்டனிலும் நாவலுக்கு ஏஜென்ட் உண்டு. எழுதியவன் தானாகப் போய்ப் பெரிய பதிப்பகத்தின் கதவைத் தட்ட முடியாது, அவர்கள்தான் அழைத்துப் போக வேண்டும். அவர்களுக்கு ஒரு பக்கத்தில் கடிதம், ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம், எழுதியவரைப் பற்றி ஐந்து வரி அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் மீதியைக் கேட்பார்கள். என்னுடைய இருபத்து மூன்று பேரில் பதினேழு பேர் பதிலே போடவில்லை. மற்ற ஆறு பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே எழுதினார்கள். மொழி சுத்தமாக இருக்கிறது, ஆனால் உள்ளே யாரும் உயிரோடு இல்லை என்று.

லியோ என் அக்கா ஆரோக்கிய ராணியின் ஒரே மகன். இருபத்தாறு வயது. அத்தான் இறந்த பிறகு கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். அவன் போன இரண்டாவது கப்பலை அதன் கம்பெனி நொடித்துப்போய் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே அப்படியே விட்டுவிட்டது. ஒன்பது பேர். கரையில் இறங்க அனுமதி இல்லை. பதினான்கு மாதம், தூரத்தில் தெரிந்த ஊரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். ஊர் திரும்பியவன் ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். பையன் மூலையில் உட்கார்ந்து எதையோ கிறுக்கிக்கொண்டே இருக்கிறான் என்று அக்கா என்னிடம் வந்து அழுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஐந்து நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

“சும்மா எழுதிப் பாத்தேன் மாமா. தப்பு ஜாஸ்தி இருக்கும். நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க.”

தப்பு ஜாஸ்திதான் இருந்தது. பக்கத்துக்கு இருபது பிழை. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். நாற்பதாவது பக்கத்தில் பேனா கையிலிருந்ததையே மறந்துவிட்டேன். மறுநாள் டுடோரியலுக்கு லீவு விட்டேன். அந்தக் கப்பலில் இருந்த ஒன்பது பேரும் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அரிசியில் விழுந்த வண்டைப் பொறுக்கினார்கள், சண்டை போட்டார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் எண்ணெய் தேய்த்தார்கள். கடைசி அத்தியாயத்தில் சமையல்காரன் தளத்தில் நின்றுகொண்டு, போகிற வருகிற படகையெல்லாம் ஒரு பகலும் ஓர் இரவும் கூப்பிடுகிறான். ஒரு படகும் திரும்பவில்லை. அதைப் படித்து நான் அழுதேன். பிறகு எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைச் சொல்வதில் கூச்சமில்லை. பதினோரு வருடம் ஆள் தேடியவன் நான். தேடாதவன் வீட்டில் ஒன்பது பேர் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அதை நானே ஆங்கிலத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். ஏழு மாதம் ஆயிற்று. ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதே வேலை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் என்னுடையது, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அனுப்பும்போது என் பழைய கடிதத்தின் மேலேயே புதிய கடிதத்தைத் தட்டினேன். கதைச்சுருக்கத்தை மாற்றினேன். எழுதியவரைப் பற்றி என்ற ஐந்து வரியையும் கீழே இருந்த பெயரையும் மாற்ற விட்டுப்போயிற்று. வேலை மும்முரத்தில் விட்டுப்போனது. அவ்வளவுதான்.

இந்த முறை மூன்று பேருக்குத்தான் அனுப்பினேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் தில்லியிலிருந்து சுவேதா என்ற ஏஜென்ட் பதில் எழுதினார். முழு நாவலையும் கேட்டிருந்தார். அந்த ஒன்பது பேரில் ஒருவரையும் மறக்க முடியவில்லை என்றும், என்னோடு வீடியோவில் பேச வேண்டும் என்றும் இருந்தது. கடிதத்தின் மேலே என் பெயர்.

பதில் வந்திருக்கிறது என்று மட்டும் லியோவிடம் சொன்னேன். அவன் அந்த மாதம் இருபதாம் தேதி சென்னைக்குப் போய்ப் புதிய கப்பலில் ஏற வேண்டியிருந்தது. அன்றைக்கே கம்பெனிக்கு போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

“ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருக்க வேணாம் மாமா. எழுதறதுன்னா எழுதறதுதான். அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க, அழுவும். புக்கு வந்தப்புறம் கையில குடுத்துச் சொல்லிக்கலாம்.”

அதனால் கப்பலுக்குப் போவதாகவே அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் டுடோரியல் மாடியில் ஓர் அறையில் தங்கி அடுத்த நாவலை எழுதுவது என்று ஏற்பாடு. யோசனை அவனுடையது. அவன் இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதும் அவன் செய்த ஏற்பாடுதான்.

இருபதாம் தேதி காலை அக்கா அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். ரயிலடியில் விட்டுவருகிறேன் என்று என் வண்டியில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் ரோட்டில் போனேன். புதுச்சத்திரம் தாண்டி உள்ளே ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. என் நண்பர் காத்தவராயனுடையது. அதில் உள்ள மோட்டார் கொட்டகையின் சாவி என்னிடம் உண்டு. அமைதியாக எழுத வேண்டுமென்றால் அங்கே போவேன். கடிதத்தை அங்கே வைத்து நிதானமாகக் காட்டலாம் என்று நிறுத்தினேன்.

லியோ எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான். மேலே இருந்த பெயரில் விரலை வைத்தான்.

“என்னா மாமா, உங்க பேரு இருக்கு?”

விட்டுப்போனதைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“அட, இதுக்கு ஏன் மாமா மொகத்த இப்டி வச்சிருக்கீங்க? மாத்தி ஒரு லெட்டர் போட்டா முடிஞ்சிது. மொழிபெயர்ப்புன்னு உங்க பேரும் போடுவாங்கல்ல? உள்பக்கத்துல, சின்னதா.”

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். கை ஓங்கியிருந்தால் இன்னும் வசதி. அவன் என்னை மன்னித்துவிட்டான். மன்னித்த கையோடு எனக்கு உரிய இடத்தையும் காட்டினான். உள்பக்கத்தில், சின்னதாக. நான் இருபத்து நாலு வருடமாக அங்கேதான் இருந்தேன்.

தோப்பின் ஓரத்தில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. கப்பலில் இருந்தவன் அல்லவா, ஆழம் என்றால் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டான். எவ்வளவு அடி இருக்கும் என்று கேட்டான். முப்பத்தைந்து என்றேன். பிறகு தள்ளினேன்.

முன்கூட்டியே திட்டமிட்டீர்களா என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். இல்லை. அந்தக் கிணற்றை மூட அதற்கு முந்தைய வாரமே நான் ஜேசிபி பேசிவைத்திருந்தேன் என்பது உண்மைதான். அது கிணற்றுக்காகப் பேசியது. மாடு விழுந்துவிடும் என்று காத்தவராயன் இரண்டு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். நண்பருக்கு ஓர் உதவி.

விழுந்ததும் அவன் சாகவில்லை. “மாமா, காலு போச்சு மாமா. கயிறு போடுங்க” என்றான். தானாகத் தவறி விழுந்ததாகத்தான் நினைத்தான். அந்த நினைப்பு அவனுக்கு மாறவே இல்லை என்று நம்புகிறேன், அதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. அதன் பிறகும் நான் ஓடிவிடவில்லை. கொட்டகையில் உட்கார்ந்தேன். எழுதியவரைப் பற்றி ஐந்து வரி போதாது, விரிவாக ஒரு பக்கம் வேண்டும் என்று சுவேதா கேட்டிருந்தார். அதை எழுதினேன். வெளியே அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் நன்றாக வந்தது. ஒரு திருத்தம்கூடத் தேவைப்படவில்லை. நாலு மணிக்குக் கொட்டகையைப் பூட்டிவிட்டு சிதம்பரம் போய் ஐந்து மணி வகுப்பை எடுத்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஜேசிபி வந்தது. அதற்கு முன் நான் கிணற்றோரம் போய்க் காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. ஒன்பதரைக்குள் வேலை முடிந்துவிட்டது. காத்தவராயன் எனக்கும் ஓட்டுநருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பாவம், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அவன் பை என்னிடம் இருந்தது, போன் அதில் இருந்தது. போனைத் திறக்கத் திரையில் விரலால் இழுக்கும் கோட்டை அவன் எனக்கு எதிரே நூறு முறை போட்டிருக்கிறான். அன்று மத்தியானம் அக்காவுக்கு முதல் செய்தியை அனுப்பினேன். “அம்மா கப்பல் ஏறிட்டேன். முறுக்கு இங்க எல்லாருக்கும் புடிச்சிது.” கடலில் பேச சிக்னல் கிடைக்காது, எழுத்து மட்டும்தான் போகும், சம்பளத்தை இறங்கும்போது மொத்தமாகக் கொடுப்பார்கள் என்று அடுத்தடுத்து எழுதினேன். பத்து மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு செய்தி. அவன் செய்கிற பிழைகளை அவன் செய்கிற இடத்திலேயே செய்தேன். பிழை விடுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. முதல் வாரம் சிரமமாக இருந்தது, பிறகு கை பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எனக்குச் சங்கரா மீன் குழம்பு கொண்டுவருவாள். நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அந்த வாரத்துச் செய்திகளை வாசித்துக் காட்டுவாள்.

“பாரு தம்பி, புயல் அடிச்சிதாம், இவன் ஒருத்தன்தான் வாந்தி எடுக்கலியாம். முன்னெல்லாம் எங்கிட்ட இவ்ளோ பேசமாட்டான். கப்பலுக்குப் போயி பாசம் ஜாஸ்தியாயிடிச்சி.”

சில இடங்களில் சிரிப்பாள். ஒருமுறை, இரவில் உன் ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சாப்பாட்டில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம், இருபத்து மூன்று ஏஜென்டுகள் படித்தும் நடக்காதது அது. நான் எழுதியதைப் படித்து ஒரு மனுஷி அழுதாள். நான் அவளுக்குத் துரோகம் செய்ததாகச் சொல்கிறீர்கள். பெற்ற பிள்ளை கொடுக்காத சந்தோஷத்தைப் பத்து மாதம் நான் கொடுத்திருக்கிறேன்.

நாவல் வேலையும் நடந்தது. சுவேதாவுடன் நான்கு முறை வீடியோவில் பேசினேன். கடைசி அத்தியாயத்தில் மட்டும் அவருக்கு ஒரு சந்தேகம். சமையல்காரன் ஒரு பகலும் ஓர் இரவும் கூப்பிடுவது நம்பும்படி இல்லை, மனிதன் அவ்வளவு நேரம் கூப்பிட மாட்டான், குறைக்கலாமே என்றார். குறைக்க வேண்டாம் என்று மின்னஞ்சல் போட்டேன். தொண்டை கட்டிக்கொள்ளும், குரல் மாறும், ஆனால் கூப்பிடுவான் என்று எழுதினேன். அவர் ஒத்துக்கொண்டார். அக்டோபரில் பதிப்பகத்திலிருந்து அட்டைப்படம் வந்தது. என் பெயர் முன்பக்கத்தில், பெரிதாக.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கவர் கொடுப்பார்கள். அதன்மேல் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் காணிக்கையோடு கொடுத்துவிட்டால், அன்று சாயங்காலம் கல்லறையில் வைத்து வாசித்து மன்றாடுவார்கள். நவம்பர் முழுவதும் அவர்கள் ஆத்துமாவுக்குப் பூசையில் நினைவு உண்டு. எங்கள் வீட்டுக் கவரை முப்பது வருடமாக நான்தான் எழுதுகிறேன், கையெழுத்துக்காக. அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தான். இந்த வருடம் அதற்குக் கீழே ஐந்தாவதாக லியோ என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்டீர்கள். குற்ற உணர்ச்சியா என்று கேட்டீர்கள். அப்படிப் பெரிதாக எதுவும் இல்லை. செத்தவனுக்குப் பூசை இல்லாமல் விடக்கூடாது. பட்டியல் என்றால் முழுமையாக இருக்க வேண்டும். குறையாக ஒரு பட்டியலைக் கொடுக்க எனக்குக் கை வராது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை நூற்றுக்கணக்கான பெயரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார், யார் காதில் விழப்போகிறது என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், ஒரு பருக்கையை எடுத்து நானே வெளியே வைத்தேன்.

அக்கா அத்தான் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். பெயர்கள் மைக்கில் வந்தன. அத்தான் பெயருக்கு அடுத்து லியோ என்று வந்ததும் அவள் கையிலிருந்த தீப்பெட்டி விழுந்தது.

“தம்பி, கொழந்த பேர ஏன் வாசிக்கிறாங்க?”

“கோயில்பிள்ள எதையோ தப்பா வாசிச்சிட்டாருக்கா. வேற வீட்டு லியோவா இருக்கும்.”

அவள் கோயில்பிள்ளையிடம் போய்க் கவரை வாங்கி வந்தாள். எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நான் நிழலில் நின்றேன்.

“இது ஒன் எழுத்து.”

“ஏதோ நெனப்புல எழுதிட்டேன்க்கா.”

“ஒன் கையெழுத்துல தப்பு வராதே தம்பி” என்றாள் அக்கா.

 அவள் அங்கேயே அத்தான் கல்லறைமேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். எழுதவில்லை. பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினாள். “லியோ, அம்மாவுக்கு ஒன் கொரல கேக்கணும்டா. எழுதாத. வாயத் தொறந்து அம்மான்னு ஒரு வாட்டி சொல்லி அனுப்பு. போதும்.” எழுத்தாகக் கேட்டிருந்தால் வீட்டுக்குப் போய் அரைமணி நேரத்தில் அனுப்பியிருப்பேன். மூன்று நாள் அவள் சோறு தண்ணி இல்லாமல் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள். நான்காம் நாள் கவரையும் போனையும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தாள். என் மேசை இழுப்பறையில் லியோவின் போனை நீங்கள் கண்டெடுத்தபோது அதில் அவள் அனுப்பிய குரல்கள் அறுபதுக்கு மேல் இருந்தன. அவற்றை நான் கேட்கவில்லை.

நாவலின் அட்டையில் அவன் பெயர்தான் வர வேண்டும் என்று அக்கா சொன்னதாகச் சொன்னீர்கள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை என்றும் சொன்னீர்கள். நியாயம்தான், எனக்கு ஆட்சேபம் இல்லை. சுவேதாவின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பு என்று என் பெயரும் வர வேண்டும். அது முன்பக்கத்திலேயே வருவதுதான் முறை.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. கூப்பிடுவதைக் குறைக்க வேண்டாம் என்று சுவேதாவுக்கு நான் போட்ட மின்னஞ்சலை நீங்கள் எடுத்துவைத்திருக்கிறீர்கள், எப்படியும் கேட்கத்தான் போகிறீர்கள். ஜேசிபி வந்த காலையைப் பற்றிய இடத்தில், சத்தம் இல்லை என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். சத்தம் இருந்தது. சருகில் என் காலடி கேட்டதும், “வந்துட்டீங்களா மாமா” என்றான். குரல் கட்டியிருந்தது. அதற்குள் வண்டி தோப்புக்குள் திரும்பிவிட்டது. இஞ்சின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஆரம்பிக்கலாமா சார் என்று ஓட்டுநர் கேட்டார். ஆரம்பிக்கலாம் என்றேன்.

மற்றபடி இதில் பிழை எதுவும் இல்லை.